பேரேட்டில் ஏறாத காதல்

மனிதருக்குச் சாதகம் கணிப்பதுபோல ஒரு நாவலுக்கும் கணித்துப் பார்க்கலாம். ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலுக்குக் கணித்தால் இப்படி வரும்: சொந்த ஊர் சிங்கம்புணரி. கருக்கொண்டது மெடானிலும் பினாங்கிலும். எழுதி முடித்தது 1950 வாக்கில், மதுரையில். அச்சேறியது 1959இல், சென்னையில். அதன்பின் நாற்பது ஆண்டுகள் சனி தசை. நல்ல காலம் பிறந்தபோது எழுதியவர் உயிரோடு இல்லை.

தமிழில் உலகப் போரைப் பின்னணியாகக் கொண்ட காதல் கதை என்று ஒன்றைக் கையில் எடுத்துக் கொடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் கொடுப்பேன். காரைக்குடிக்காரர்களுக்குக் கொடுக்க இன்னொரு காரணமும் உண்டு. இது நம் வீட்டுப் பரணில் கிடக்கும் கணக்குப் பெட்டிகளின் கதை. நம் பாட்டன்மார் எந்தக் கடையில் உட்கார்ந்து எந்தச் சம்பளத்துக்கு என்ன வேலை பார்த்தார்கள், அங்கே யாரை எதற்காகத் தள்ளிவைத்தார்கள் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. அப்படியிருந்தும் நம் ஊர்ப்பக்கத்தில் இந்த நாவலைப் படித்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கொண்டுவிக்கப் போன பையன்

சிங்கம்புணரி இன்று சிவகங்கை மாவட்டம். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் வழியாகப் போனால் சேவுகப்பெருமாள் அய்யனார் கோயிலும் கயிற்றுத் தொழிலும் வாரச்சந்தையும் உள்ள அந்த ஊர் வந்துவிடும். 1920ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று சிங்காரம் அங்கே பிறந்தார். தந்தை பழநிவேல் நாடார், தாய் உண்ணாமலை அம்மாள். குடும்பத்துக்கு ஜவுளி வியாபாரம். உள்ளூரில் ஆரம்பப் படிப்பு, பிறகு மதுரை செயின்ட் மேரீஸ் உயர்நிலைப் பள்ளி. 1938இல், பதினெட்டு வயதில், டச்சுக்காரர்கள் ஆண்ட சுமத்ராவின் மெடான் நகரத்துக்கு வேலைக்குப் போனார். சின்னமுத்துப் பிள்ளை என்பவரின் வட்டிக்கடையில் வேலை.

கடல் கடந்து தொழிலுக்குப் போவதை நம் பக்கத்தில் 'கொண்டுவிக்கப் போறது' என்பார்கள். நகரத்தார்தான் போனார்கள் என்றே இன்று பேசுகிறோம். கடைகளில் பெரும்பாலானவை அவர்களுடையவைதாம். ஆனால் அந்தப் பாதையில் சுற்றுப்பட்டு ஊர்களின் பிள்ளைமார், நாடார், முஸ்லிம்கள் எனப் பலரும் நடந்தார்கள். செட்டியார் கடையில் தொழில் படித்துத் தனிக்கடை போட்டவர்களும் உண்டு. சிங்காரம் அந்த வரிசையில் போன பையன்.

அந்நாளில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' போன்ற கப்பலில் மேல்தளச் சீட்டு வாங்கிப் பெட்டி படுக்கையோடு ஏறினால் பினாங்கில் இறங்கலாம். அங்கிருந்து மலாக்கா நீரிணையைக் குறுக்கே கடந்தால் பெலவான் துறைமுகம். பெலவானை அடுத்து மெடான். அங்கே மொஸ்கி ஸ்ட்ராட் என்ற தெருவில்தான் நம்மவர் வட்டிக்கடைகள். பினாங்கில் அதுபோலப் பினாங்கு ஸ்ட்ரீட்.

கடைக்குள் நாற்காலி மேசை கிடையாது. நீளமான கூடம், தரையில் பாய், ஒவ்வொருவர் முன்னாலும் சாய்ந்த மூடி போட்ட ஒரு மரப்பெட்டி. அந்தப் பெட்டிதான் ஆபீஸ், அலமாரி, எழுதுபலகை எல்லாம். புதிதாக வருகிறவன் பெட்டியடிப் பையன். விடியுமுன் எழுந்து கூட்டிப் பெருக்கி, பாய் விரித்து, பேரேடு எடுத்து வைத்து, சொன்ன இடத்துக்கு ஓட வேண்டும். கணக்கு பிடிபட்டால் அடுத்தாள். கையெழுத்துப் போடும் தகுதி வந்தால் மேலாள். கடையை ஆளின் பெயரால் சொல்ல மாட்டார்கள். தலைப்பெழுத்துகளைக் கோத்த விலாசத்தால் சொல்வார்கள். சம்பளம் மூன்று வருடத்துக்கு மொத்தமாகப் பேசியிருக்கும். அந்த மூன்று வருடத்துக்குக் 'கணக்கு' என்று பெயர். ஒரு கணக்கு முடிந்தால் ஊருக்கு வரலாம். வந்து, கல்யாணம் முடித்து, மறுபடி அடுத்த கணக்குக்குக் கப்பலேறலாம்.

மனிதர் ஆயுளையே கணக்கால் அளந்த உலகம் அது. ஆசை, கோபம், காதல் எதுவானாலும் பற்றிலோ வரவிலோ ஏதாவது ஒரு பக்கம் எழுத வேண்டும். இரண்டிலும் எழுத முடியாததை அந்த உலகம் என்ன செய்யும் என்பதுதான் பின்னாளில் சிங்காரம் எழுதிய நாவல்.

மெடானில் ஒரு நூலகம்

வட்டிக்கடைப் பையனுக்குப் படிக்கும் பழக்கம் இருந்தது. மெடான் நூலகத்தில் ஆங்கிலப் புத்தகங்கள் கிடைத்தன. தால்ஸ்தாய், தஸ்தயேவ்ஸ்கி என்று உலக நாவல்கள் அறிமுகமாயின. அவர் மனத்தில் ஆழ இடம் பிடித்தவர் ஹெமிங்வே. அதிலும் 1929இல் வெளிவந்த 'ஏ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்'. முதல் உலகப் போரில் இத்தாலிப் படைக்கு ஆம்புலன்ஸ் ஓட்டும் அமெரிக்கன் ஹென்றி, ஆங்கிலேய நர்ஸ் காதரின். 1917இல் கபரெட்டோவில் படை உடைந்து பின்வாங்குகிறது. ஹென்றி படையைவிட்டு ஓடிக் காதரினோடு இரவில் ஏரியில் படகு வலித்து ஸ்விட்சர்லாந்து போய்ச் சேர்கிறான். அங்கே பிரசவத்தில் குழந்தையும் போய்க் காதரினும் போகிறாள். போர்க்காலக் காதல் கதைகளுக்கு உலகம் முழுவதும் மாதிரியாக நிற்கும் புத்தகம்.

பேரேட்டின் மேல் குனிந்து வளர்ந்த ஒரு சிங்கம்புணரி இளைஞருக்கு அது என்ன கற்றுக் கொடுத்திருக்கும்? அலங்காரம் வேண்டாம், கண்ணீர் வேண்டாம், நடந்ததை நடந்த வரிசையில் சொல்லு, வலி தானாக வரும் என்பதைத்தான். சிங்காரத்தின் உரைநடையில் அந்தப் பாடம் தெரிகிறது. அவருடைய மனிதர்கள் அதிகம் அழுவதில்லை. அழுதாலும் அவர் அதைப் பத்தி பத்தியாக வர்ணிப்பதில்லை.

1940இல் ஊருக்கு வந்து மறுபடி மெடான் திரும்பினார். வட்டிக்கடையை விட்டு மராமத்துத் துறையில் வேலை பார்த்தார். அப்போது போர் வந்தது. 1941 டிசம்பரில் பினாங்கின் மேல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சரக்கும் சனமும் நெருக்கியடித்த ஜார்ஜ் டவுன் தெருக்களில் ஆட்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். வெள்ளைக்காரக் குடும்பங்களை மட்டும் கப்பலேற்றிவிட்டு ஆங்கிலேய நிர்வாகம் ஓடியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் மெடானுக்குள் ஜப்பானியர் நுழைந்தார்கள். கடல் அடைத்துக்கொண்டது. கடிதம் இல்லை, உண்டியல் பணம் இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் இருந்தவர்களுக்குக் கடலுக்கு அப்பால் தம் மகன் உயிரோடு இருக்கிறானா என்பதே மூன்றரை வருடம் தெரியவில்லை.

1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்த சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். மலாயாவின் ரப்பர் தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் படையில் சேர்ந்தனர். அவர்களோடு கடைப் பையன்களும் போனார்கள். பெட்டியடியில் உட்கார்ந்து வட்டி போட்ட கை துப்பாக்கி பிடித்தது. கப்பல் ஏறி வந்த நாளிலிருந்து முதலாளி சொன்னதைத் தட்டாத இளைஞன் முதன்முதலாகத் தன் விருப்பத்துக்கு ஒன்றைச் செய்தான். இந்த மாற்றத்தைக் கிட்ட இருந்து பார்த்தவர் சிங்காரம்.

அந்த ஆண்டுகளிலேயே அவர் வாழ்க்கையிலும் இடி விழுந்தது. மெடானில் இருந்த காலத்தில் மணந்த மனைவி தலைப்பிரசவத்தில் இறந்தார். குழந்தையும் தங்கவில்லை. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுபோல. அதற்குப்பின் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

போர் ஓய்ந்ததும் சில தமிழர்களோடு சேர்ந்து சுமத்ராவிலிருந்து பினாங்குக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரம் பார்த்தார். 1946இல் ஊர் திரும்பினார். 1947இல் மதுரை 'தினத்தந்தி'யில் வேலைக்குச் சேர்ந்தார். ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறை. பகலில் செய்தி, இரவில் நாவல்.

சண்டை முடிந்தபின் தொடங்கும் கதை

'கடலுக்கு அப்பால்' கதையை எடுத்ததும் ஒன்று தெரியும். இது போரால் பிரிந்தவர்களின் கதையன்று. போர் முடிந்து திரும்பி வந்தவனின் கதை.

பினாங்கில் வட்டிக்கடை வைத்திருக்கும் முதலாளி வானாயீனா. அவர் கடையில் வேலை பார்த்தவன் செல்லையா. முதலாளி மகள் மரகதத்துக்கும் அவனுக்கும் மனம் ஒன்றிப்போயிருந்தது. பெரியவர்களுக்கும் அதில் மறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை. இவனைக் கையில் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் வீட்டுக்குள் இருந்தது. செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துவிடுகிறான். சண்டை முடிந்து உயிரோடு திரும்புகிறான். மரகதமும் காத்திருக்கிறாள்.

வழக்கமான கதையாக இருந்தால் மேளம் கொட்டியிருக்க வேண்டும். இங்கே அப்பா குறுக்கே நிற்கிறார். படைக்குப் போனவன் இனிக் கடைக்கு ஆக மாட்டான் என்பது அவர் தீர்ப்பு. சாதி வேறு, சொத்து இல்லை, நடத்தை சரியில்லை என்று ஒரு குறையும் அவர் சொல்லவில்லை. துப்பாக்கி தூக்கி, ஆட்களுக்கு உத்தரவு போட்டு, சாவைக் கண்ணெதிரே பார்த்தவனால் பாயில் சம்மணம் போட்டு அரைக்கால் வட்டிக்குத் தகராறு செய்ய முடியுமா? கடனாளி நாலு வார்த்தை கூடச் சொன்னால் பொறுத்துப் போவானா? முதலாளியின் பேச்சுக்கு அடங்குவானா? வானாயீனாவின் சந்தேகங்கள் இவை. தொழிலுக்கு ஏற்ற வேறொரு கடைப் பையன்மேல் அவர் கண் போய்விட்டது.

முதன்முறை இதைப் படித்தபோது எனக்கு வானாயீனாமேல் கோபம் வரவில்லை. அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறதே என்றுதான் தோன்றியது, அதனால்தான் வலித்தது. சினிமாவில் வரும் பணக்கார அப்பாவாக அவரைச் சிங்காரம் எழுதவில்லை. வெறுங்கையோடு வந்து, பெட்டியடியில் தொடங்கி, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கடை கண்ட மனிதர் அவர். மகள் அழுகிறாள் என்பது அவருக்கும் தெரிகிறது. மனைவியும் மகள் பக்கம்தான். இருந்தும் கடைக்கு வாரிசு யார் என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும்போது மற்றதெல்லாம் பின்னால் போகிறது.

அந்த மனிதரின் பிடிவாதத்தைப் புரிந்துகொள்ளக் காலத்தையும் பார்க்க வேண்டும். ஜப்பானிய ஆட்சியில் மலாயாவில் புழங்கிய நோட்டுகளில் பத்து டாலர்த் தாளில் வாழை மரம் இருக்கும். அதை வைத்து எல்லாத் தாள்களுக்கும் 'வாழைமர நோட்டு' என்றே பெயர் விழுந்தது. மூட்டை மூட்டையாக அச்சடித்தார்கள். மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது. போருக்கு முன்னால் நல்ல டாலரில் கடன் வாங்கியவர்கள் இந்தத் தாளைக் கொண்டுவந்து கொட்டிப் பழைய கடனை அடைத்தார்கள். வாங்க மாட்டேன் என்றால் ஜப்பானியனிடம் பதில் சொல்ல வேண்டும். 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அந்த நோட்டு அத்தனையும் செல்லாது என்றாகிவிட்டது. அடைத்த கடன் அடைத்ததுதானா என்ற வழக்கைத் தீர்க்க 1948இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. பர்மாவில் நிலைமை இன்னும் மோசம். 1930களின் மந்தத்தில் வந்துசேர்ந்த நிலமாக, கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார் கைக்கு வந்திருந்தது. போரும் அதற்குப்பின் வந்த ஆட்சியும் அதைப் பறித்துக்கொண்டன.

ஒரு தலைமுறை உழைப்பு வெறும் காகிதமானதைப் பார்த்த முதலாளிக்கு மறுபடி எழுந்திருக்க வேண்டும் என்ற பதைப்பு இருக்கும். அவருக்கு வேண்டியது கடையைத் தூக்கி நிறுத்தும் ஆள், வீரன் அல்லன். வானாயீனா மகளின் கல்யாணத்தை ஐந்தொகை போட்டுப் பார்க்கிறார். செல்லையா பற்று வரவு இரண்டிலும் நேர்கொள்ளவில்லை. தள்ளிவிடுகிறார்.

இந்த இடத்தில்தான் சிங்காரம் தம் குருநாதரைத் தாண்டுகிறார். ஹெமிங்வே காதலர்களைச் சாவால் பிரித்தார். சாவு வந்து பிரித்தால் வாசகர் விதியை நொந்துகொண்டு புத்தகத்தை மூடிவிடலாம். செல்லையாவும் மரகதமும் சாகவில்லை. ஒரே ஊர், நடந்து போகும் தூரம், ஒருவர் மேல் ஒருவருக்கு அன்பும் குறையவில்லை. கொல்ல வந்த போர் அவனை விட்டுவிட்டது. வாழவைத்த கடை விடவில்லை. வாழ்ந்துகொண்டே இழக்க வேண்டியிருக்கிறது. அந்த இழப்போடு எப்படி நடமாடுவது என்பதைச் செல்லையாவுக்குச் சொல்லிக் கொடுப்பவன் நண்பன் மாணிக்கம். தமிழ் இலக்கியத்தைக் கரைத்துக் குடித்தவன், எதையும் எகத்தாளமாகப் பார்ப்பவன். அவர்கள் இருவரின் பேச்சுதான் இந்த நாவலின் உயிர்நிலை. முழுக் கதையையும் நான் சொல்லிவிடக் கூடாது. அந்தப் பேச்சுவரை போய்ச் சேருங்கள்.

கையெழுத்துப் பிரதி அலைந்த காலம்

நாவலை எழுதி முடித்த சிங்காரம் பதிப்பாளர் தேடிச் சென்னைக்குப் பலமுறை போனார். ஒருவரும் எடுக்கவில்லை.

அந்தக் காலத்துச் சென்னைப் பதிப்புத் துறையை நினைத்தால் இது வேடிக்கையாக இருக்கும். 'சக்தி' வை. கோவிந்தன் ராயவரத்துக்காரர், பர்மாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். தமிழ்ப் பண்ணை சின்ன அண்ணாமலையும் முல்லை முத்தையாவும் தேவகோட்டை. தமிழ்ப் புத்தகாலயம் கண. முத்தையா மதகுபட்டிக்காரர், ரங்கூனில் இருந்து, இந்திய தேசிய ராணுவத் தொடர்பால் சிறைப்பட்டு, சிறையில் ராகுல் சாங்கிருத்தியாயனின் 'வால்காவிலிருந்து கங்கை வரை'யைத் தமிழாக்கியவர். கடல் கடந்த அனுபவத்துக்கு அத்தொழிலில் பஞ்சமே இல்லை. ஆனாலும் மெடானும் பினாங்கும் கமழும் ஒரு நாவலுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. வாசகர் அன்று கேட்டது கல்கியின் சரித்திரக் கதை, குடும்பக் கதை, வாரப் பத்திரிகைத் தொடர். மதுரையில் ஒரு விடுதி அறையில் இருக்கும் பெயர் தெரியாத பத்திரிகை ஊழியரின் நாவலை நம்பிப் பணம் போட ஆள் இல்லை.

கடைசியில் 'கலைமகள்' நடத்திய நாராயணசாமி ஐயர் நினைவு நாவல் போட்டிக்கு அனுப்பினார். கி.வா. ஜகந்நாதன் ஆசிரியராக இருந்த காலம். முதல் பரிசு கிடைத்தது. 1959இல் கலைமகள் காரியாலயம் புத்தகமாக்கியது. எழுதி ஏறக்குறைய ஒன்பது ஆண்டு கழித்து அச்சு மை பட்டது. பரிசு பெற்ற நாவல் என்ற அட்டைப் பெருமையோடு வந்தது, விற்றது, மறந்துபோனது. பரிசு என்பது ஒரு நாவலைக் கரைசேர்க்கும். ஊருக்குள் அழைத்துப் போகாது.

பின்னால் பிறந்த அண்ணன்

சிங்காரம் அத்தோடு விட்டிருக்கலாம். 1962இல் இரண்டாவது நாவலை எழுதி முடித்தார். 'புயலிலே ஒரு தோணி'. பின்னால் பிறந்தாலும் உருவத்தில் இதுதான் அண்ணன். மெடான் நகரத்துக்குள் ஜப்பானியப் படை நுழைவதில் தொடங்கி, பாண்டியன் என்ற கடைப் பையனைப் பின்தொடர்ந்து, தொங்கான் என்ற மரக்கலத்தில் புயலைக் கடந்து, போர்முனை, ஒற்று வேலை, இந்தோனேசியரின் விடுதலைப் போர் என்று விரிகிறது. இடையிடையே பாண்டியனின் நினைவில் சின்னமங்கலமும் மதுரையும் வந்து போகும். சின்னமங்கலம் என்று பெயர் மாற்றியிருந்தாலும் அந்தச் சந்தையின் சத்தத்தைக் கேட்டால் சிங்கம்புணரி என்று நம் பக்கத்தார் கண்டுகொள்வார்கள். 'கடலுக்கு அப்பால்' மாணிக்கம் இதிலும் வருகிறான். மலாய், டச்சு, சீனம், செட்டிநாட்டுக் கடைப்பேச்சு எல்லாம் ஒரே வாக்கியத்தில் புரளும் நடை.

இதற்குப் பத்தாண்டு காத்திருப்பு. எழுத்தாளர் மலர்மன்னன் முயற்சி எடுக்க, கலைஞன் பதிப்பகம் 1972இல் வெளியிட்டது. அதுவும் வெட்டிச் சுருக்கிய வடிவில். மதிப்புரைகள் பெரிதாக வரவில்லை. சிங்காரம் பேனாவை மூடி வைத்துவிட்டார். மூன்றாவது நாவல் இல்லை. 1987வரை 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தார். இலக்கியக் கூட்டங்களில் அவரைப் பார்க்க முடியாது. அதே விடுதி அறை, அதே தனிமை.

எண்பதுகளில் விமர்சகர் சி. மோகன் தமிழின் முக்கியமான நாவல்களைப் பற்றி எழுதும்போது 'புயலிலே ஒரு தோணி'யை உச்சத்தில் வைத்துப் பேசினார். சிற்றிதழ் வாசகர்கள் பழைய புத்தகக் கடைகளில் தேடத் தொடங்கினார்கள். ந. முருகேசபாண்டியன் போன்றவர்கள் மதுரையில் அவரை நேரில் சந்தித்துப் பேசி எழுதினார்கள். ஆனால் பாராட்டை எதிர்பார்க்கும் மனநிலையை அவர் தாண்டிப் போயிருந்தார். 1997 டிசம்பர் 30 அன்று இறந்தார். வாழ்நாள் சேமிப்பு ஏழு லட்சம் ரூபாயை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காக மதுரை நாடார் மகாஜன சங்கத்துக்குக் கொடுத்திருந்தார். கடல் கடந்து சம்பாதித்த செட்டிநாட்டார் பள்ளிக்கூடம் கட்டிய அதே வழக்கத்தை, வட்டிக்கடையில் தொடங்கி நாற்பது வருடம் மாதச் சம்பளம் வாங்கிய ஒருவர், தனி ஆளாகச் செய்துவிட்டுப் போனார்.

1999இல் தமிழினி பதிப்பகம் இரண்டு நாவல்களையும் ஒரே நூலாகக் கொண்டுவந்தது. அதன்பிறகு இரண்டுக்கும் பல பதிப்புகள் வந்துவிட்டன. இளம் எழுத்தாளர்கள் 'புயலிலே ஒரு தோணி'யை வழிகாட்டியாகச் சொல்கிறார்கள். 'கடலுக்கு அப்பால்' பெரும்பாலும் அந்தப் பெரிய நாவலுக்குப் பின்னிணைப்பாகவே நின்றுவிட்டது. வாசிப்புப் பட்டியல்களில் முதலில் பெரியது, நேரம் இருந்தால் சின்னது என்றுதான் சொல்கிறார்கள். அந்த வரிசையோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஊருக்குள் வராத புத்தகம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருப்பது தெரிந்த விஷயம். இத்தாலிக் கண்ணாடி, செக்கோஸ்லோவாக்கிய எனாமல் பாத்திரம், பர்மாத் தேக்குத் தூண் எல்லாம் அங்கே விலைக்கு உண்டு. மூடி சரிந்த கணக்குப் பெட்டியும் உண்டு. மூடியைத் திறந்தால் உள்ளே பேனாவுக்கு ஒரு பள்ளம், மைக்கூட்டுக்கு ஒரு குழி, சில்லறைக்குச் சிறு தட்டறைகள். பலகையின் விளிம்பு முழங்கை உராய்ந்து வழவழவென்று தேய்ந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் வாங்கிப்போய் வரவேற்பறையில் வைக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பையனுக்கு ஒரு மனம் இருந்தது, அதில் ஒரு பெண் இருந்தாள் என்பதைப் பெட்டி சொல்லாது. அதைச் சொல்லும் புத்தகம் அந்தத் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எத்தனை வீடுகளில் இருக்கிறது?

புத்தகத்தைப் போற்றத் தெரியாத சீமை இது என்று யாரும் சொல்ல முடியாது. 1939இல் கம்பனுக்குக் கழகம் கண்டது காரைக்குடி. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் சேர்த்த நூல்களும் இதழ்களும் ஒரு லட்சத்தை எட்டின. இன்று அது சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கிறது. அரண்மனை வீடுகளைப் பற்றிப் படம் போட்ட கனத்த புத்தகங்கள் வருகின்றன. ஆயிரம் சன்னல் வீட்டைக் காட்டி வண்டி வண்டியாகச் சுற்றுலாப் பயணிகளை அழைத்து வருகிறோம். அந்தச் சன்னல்களுக்குப் பணம் வந்த வழியில் என்னென்ன கழித்துக் கட்டப்பட்டன என்று எழுதிய நாவலை மட்டும் நாம் பேசுவதில்லை. பெருமையைச் சொல்லும் ஏடு வேண்டும், விலையைச் சொல்லும் ஏடு வேண்டாம் என்று இருந்துவிட்டோம்.

ஆகவே முதன்முறை படிக்கப்போகிறவர்களுக்கு, குறிப்பாக நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு, சில வார்த்தைகள். 'கடலுக்கு அப்பால்' நாவலை முதலில் படியுங்கள். சின்ன நூல், ஒரு வார இறுதி போதும். மார்க்கா, மேலாள், அடுத்தாள், கணக்கு, கிட்டங்கி என்று வரும் சொற்கள் விளங்காவிட்டால் அகராதியைத் தேட வேண்டாம். வீட்டில் எழுபது எண்பது வயது ஐயாவோ ஆயாவோ இருந்தால் கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்து வேறு பல கதைகளும் வெளியே வரும். செல்லையாவை வீரனாக எதிர்பார்க்காதீர்கள். வானாயீனாவை வில்லன் என்று முடிவு கட்டாதீர்கள். மரகதம் பேசாமல் விட்ட இடங்களை நிதானமாகப் படியுங்கள். அதன்பிறகு 'புயலிலே ஒரு தோணி'க்குப் போங்கள். சின்னதில் மூடிய கடையின் கதவு அதில் கடல்பக்கம் திறக்கும்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. மாவட்டத்துக் கல்லூரிகளில் தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு இந்த இரண்டு நாவல்களையும் பாடமாக வைக்கலாம். சிங்கம்புணரியில் அவர் பெயரில் ஒரு வாசகசாலை வைக்கலாம். 1920இல் அங்கே பிறந்தவரின் நூற்றாண்டும் கடந்துவிட்டது. தம் சேமிப்பு முழுவதையும் பிள்ளைகள் படிப்பதற்காகக் கொடுத்துவிட்டுப் போனவருக்கு நாம் திருப்பித் தர வேண்டிய கடன், அவர் எழுதியதைப் படிப்பதுதான்.